யாருக்குக் காட்டும் கணக்கு?

சென்ற வாரம் பொழுதைச் செலவிடும் விதத்தைப் பற்றி எழுதினேன். பொருளைச் செலவிடும் விதத்திலும் மனிதனுடைய சுபாவம் அதே அளவு பிரத்தியட்சமாகத் தெரிகிறதாதலால், இந்த வாரம் வீட்டுக் கணக்கு நோட்டைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம்.

லண்டனில் சட்டம் படித்த இளைஞர் காந்தி, நாகரிக மோகத்தால் நடனத்துக்கும் பிடில் பயிற்சிக்கும் பணம் கட்டிய நாட்களிலும்கூட, வண்டிக் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த செப்புக் காசு என்று ஒன்றையும் விடாமல் குறித்து, இரவு படுக்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்து வந்ததைத் தம் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். வண்டிச் சத்தத்துக்கே எவ்வளவு கரைகிறதென்று அந்தக் கணக்கே அவருக்குக் காட்டிக் கொடுக்க, செலவைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானித்து, நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் அறை எடுத்துக்கொண்டார். எழுதியவரும் அவரே, படித்தவரும் அவரே, திருந்தியவரும் அவரே. பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தைக் கடன் வைக்காமல் நிர்வகிக்க முடிந்ததற்கு அந்தப் பழக்கத்தையே அவர் காரணமாகக் கூறுகிறார். கணக்கு எழுதுவது ஆத்ம பரிசோதனைக்கு உகந்த சாதனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நம் வீடுகளில் கணக்கு பெரும்பாலும் அப்படி எழுதப்படுவதில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில், "என்ன செலவாச்சு? நோட்டைக் கொண்டா, பார்ப்போம்" என்று கேட்கும் குடும்பஸ்தர், தம்முடைய காப்பிக்கும் சிகரெட்டுக்கும் நண்பர்களுக்குக் கொடுத்த கைமாற்றுக்கும் கணக்கு வைப்பதில்லை, வைக்கச் சொல்லி அவரைக் கேட்பாருமில்லை. பிறருடைய விசாரணைக்காக எழுதப்படும் கணக்கில் உண்மையைவிட எச்சரிக்கையே மிகுந்திருக்கும். பால் பாக்கியும் மளிகைச் சிட்டையும் மாற்ற முடியாதவை. கறிகாய்க்காரி சிட்டை தருவதில்லை. எனவே கத்தரிக்காயிலும் கீரையிலும் ஒன்றிரண்டு ரூபாய் கூட்டி எழுதப்பட்டு, அந்த மிச்சம் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் சிறுவாடாகச் சேருகிறது. அதைக் களவென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பெண்ணின் பரீட்சைக் கட்டணமாகவும், நடுநிசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆட்டோவின் கூலியாகவும், கணக்குக் கேட்ட கணவரே கையைப் பிசைந்து நிற்கும் வேளையில் அவர் மானத்தைக் காக்கும் தொகையாகவும் அது வெளிப்படுவதைக் காணாத குடும்பம் அபூர்வம். 2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, வருஷக்கணக்காய்ச் சேர்த்த அந்தரங்கத்தை எத்தனையோ பெண்கள் கணவர் கையிலும் பிள்ளைகள் கையிலும் ஒப்படைத்து, மாற்றித் தரும்படி கேட்க வேண்டியதாயிற்று. நோட்டுகள் மாறிவிட்டன, இரகசியம் போனது போனதுதான்.

காந்தியடிகளிடம் எனக்குள்ள பக்தி சிறிதும் குறைந்ததன்று. ஆயினும் 1929-இல் அவர் 'நவஜீவன்' இதழில் எழுதிய ஒரு கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. அன்பளிப்பாக வந்த நூறு இருநூறு ரூபாயை அவர் மனைவி கஸ்தூரிபா முன்னொரு சமயம் தம்மிடம் வைத்திருந்ததையும், பின்னர் யாரோ அளித்த நாலு ரூபாயைச் சபர்மதி ஆசிரம அலுவலகத்தில் கட்டாமல் வைத்துக்கொண்டதையும், தம்முடைய வெட்கமாகவும் துக்கமாகவும் அவர் பகிரங்கப்படுத்தினார். உடைமை வைத்துக்கொள்ளாத அபரிக்கிரக விரதத்தை ஏற்ற ஆசிரமத்தின் நியமம் அது என்பதும், பொதுப் பணத்தில் அணுவளவும் மறைக்கலாகாது என்பதும் நியாயமே. எனினும் அந்த விரதத்தைத் தாமாக நாடித் தேர்ந்தவர் ஒருவர். அவரைப் பின்தொடர்ந்து வந்து அதற்கு உட்பட்டவர் மற்றொருவர். லண்டன் அறையில் தன்னை அறிய உதவிய கணக்கு, சபர்மதியில் மற்றொருவரை ஊரறியத் தலைகுனிய வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

வீட்டுக் கணக்கில் கறிகாய்க்கு ஒரு வரி உண்டு, அதை நறுக்கிச் சமைத்தவருக்கு ஒரு வரியும் இல்லை. சிறுவாட்டை, வரவு வைக்கப்படாத அந்தக் கூலியின் சிறு பகுதியாகவே எண்ணத் தோன்றுகிறது. 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பிய கணவருக்கும் ஊரிலிருந்து குடும்பத்தைக் கவனித்த மனைவிக்கும் இடையிலான வழக்கில், ஓய்வு நாளே இல்லாத அந்த வீட்டு உழைப்பும் சொத்துச் சேர்ந்ததற்குக் காரணமென ஏற்று, மனைவிக்குச் சமபங்கு உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது.