முனைவர் பட்ட ஆய்வுப் பணியிடத்திற்கான ஆர்வக் கடிதம் (ஜெர்மனி)

ஆர்வக் கடிதம் என்பது, முனைவர் பட்ட ஆய்வுப் பணியிடத்திற்கு விண்ணப்பிப்பவர் அந்த ஆய்வைத் தாம் ஏன் செய்ய விரும்புகிறார் என்று விளக்கி எழுதும் ஓரிரு பக்கக் கடிதமாகும். மாணவர் வழக்கில் இது மோட்டிவேஷன் லெட்டர். ஜெர்மனியில் தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகியவற்றுடன் இதையும் கேட்பது வழக்கம்.

இந்திய மாணவருக்கு இது புதிதாகத் தோன்றக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கையில் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் ஒதுக்குகின்றன. மதிப்பெண்ணே முன்னால் நிற்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலும் நுழைவுத் தேர்வு கிடையாது. பேராசிரியர் ஓர் ஆய்வுத் திட்டத்திற்கு நிதி பெற்று, அதில் வேலை செய்ய ஆள் தேவை என்று விளம்பரம் செய்கிறார். தேர்வாகிறவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பல்கலைக்கழகங்களில் பொதுவாக டி.வி.-எல் ஊதிய ஒப்பந்தத்தின் இ13 நிலை, பல துறைகளில் அதில் பாதி அல்லது 65 விழுக்காடு.

திட்ட நிதி பல நேரங்களில் 3 ஆண்டுகளுக்கே கிடைக்கும். இடையில் ஒருவர் விலகினால், புதியவரைப் பழக்கி வேலையை முடிப்பதற்குள் காலம் தீர்ந்துவிடும். எனவே கடிதத்தைப் படிப்பவர் மனத்தில் உள்ள கேள்வி இதுதான்: 6 மாதம் சோதனை பலிக்காமல் போனாலும் இவர் நிற்பாரா?

இதற்கு, "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தணியாத ஆர்வம் உண்டு" என்ற வரி விடையாகாது. அதே வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். "தங்கள் பொன்னான வாய்ப்பைப் பணிவுடன் வேண்டுகிறேன்" என்பதும் அப்படியே. பள்ளியில் பழகிய விடுப்பு விண்ணப்பத்தின் நடை முனைவர் பட்டம் வரை நம் பிள்ளைகளை விட மாட்டேன் என்கிறது!

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்கள் ஈரப்பதத்தால் கெடுவதைப் பற்றிய ஆய்வுக்கு ஆள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் "சூரிய ஆற்றல் உலகின் எதிர்காலம்" என்று தொடங்குகிறார். இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: "முதுகலைத் திட்டப்பணியில் நான் செய்த கரும்பழுப்புப் படலங்கள் சென்னையின் ஈரக்காற்றில் மஞ்சளாகிவிட்டன. அவை ஈய அயோடைடாகச் சிதைந்திருந்தன. எங்கள் கல்லூரியில் ஈரமில்லாமல் வேலை செய்யும் கையுறைப் பெட்டி இல்லை. சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் சிலவற்றையும் திறந்த மேசையில் சிலவற்றையும் வைத்து, நிறம் மாறும் நேரத்தைக் குறித்தேன்." இரண்டாவதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் தோல்விக்குப் பின் அவர் என்ன செய்தார் என்பது தெரிகிறது. வசதியில்லாத ஆய்வகம்கூட அவருக்குச் சாதகமாகிவிடுகிறது.

அடுத்து, ஏன் இந்தக் குழு? அக்குழுவின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டு மூன்றையாவது படித்திருக்க வேண்டும். புகழ்வதற்காக அல்ல. அவர்கள் எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், தமது அனுபவம் அதில் எங்கே பொருந்தும் என்று இரண்டு வரி எழுத முடிந்தால் போதும். ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புபவரால் இந்த இரண்டு வரியை எழுத முடியாது; படிப்பவருக்கும் அது உடனே தெரிந்துவிடும். ஜெர்மனியின் பெருமையைச் சொல்லும் பத்தி தேவையில்லை, அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

சம்பளமும் வெளிநாட்டு வாழ்வும் காரணங்களாக இருப்பதில் தவறொன்றுமில்லை. குடும்பக் கடனை நினைத்தே பலர் விண்ணப்பிக்கின்றனர். ஆனால் அந்தக் காரணம் எந்த ஆய்வகத்துக்கும் பொருந்தும் என்பதால், கடிதத்தில் அதற்கு வேலையில்லை.

கடிதம் பிடித்துப்போனால் நேர்காணல், பெரும்பாலும் காணொளி வழியே. முதுகலை ஆய்வைச் சுருக்கமாக விளக்கச் சொல்வார்கள். முடிவில் "உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?" என்பார்கள். மரியாதை கருதி "இல்லை, ஐயா" என்று சொல்வது நம் பழக்கம். அங்கே அது அக்கறையின்மையாகத் தோன்றலாம். முதல் 6 மாதத்தில் என்ன வேலை, கருவிகளை யார் பழக்குவார்கள், இப்போதுள்ள ஆய்வு மாணவர்களுடன் பேசலாமா என்று தயங்காமல் கேட்கலாம்.