தொழில்வழி சிகிச்சைக்கு யார் பரிந்துரைக்கலாம்? சட்டம் கூறுவதும் நடைமுறையில் நிகழ்வதும்

திருவனந்தபுரம், நவம்பர் 2025:

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். உயிருக்கு இருந்த ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் சட்டைப் பொத்தானை மாட்டவோ, சோற்றைப் பிசைந்து உண்ணவோ, பிறர் துணையின்றிக் குளிக்கவோ அவரால் இயலவில்லை. இத்தகையோரை அன்றாட வாழ்க்கைக்குத் திருப்பும் பணியைச் செய்வது ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழி சிகிச்சை. அச்சிகிச்சையாளரிடம் குடும்பத்தினர் நேரடியாகச் செல்லலாமா, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு கட்டாயமா, செவிலியரோ இயன்முறை சிகிச்சையாளரோ அனுப்பினால் ஏற்கப்படுமா என்ற கேள்விகளுக்கு இந்தியாவில் ஒற்றை வரியில் விடையளிக்கும் சட்டம் எதுவும் இல்லை.

2025 நவம்பர் தொடக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, இந்தக் கேள்விகளை மீண்டும் முன்னிறுத்தியது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவத் தகுதி இல்லாத இயன்முறை சிகிச்சையாளர்களும் தொழில்வழி சிகிச்சையாளர்களும் தங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்ற அடைமொழியைப் பயன்படுத்தாதிருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று நீதிபதி வி.ஜி. அருண் அதில் தெரிவித்திருந்தார். இந்திய உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுச் சங்கம் தொடுத்த மனுவின் மீது இந்த உத்தரவு வெளியானது. அனுமதியின்றி மருத்துவப் பட்டங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் 1916-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் மனுவில் சுட்டிக்காட்டப்பட்டது.

செய்திகளில் அடைமொழியே பெரிதாகப் பேசப்பட்டது. நோயாளிகளைப் பொறுத்தவரை மனுவின் மற்றொரு பகுதியே முக்கியமானது. இத்துறையினரை நோயாளி முதன்முதலில் அணுகக்கூடிய 'முதல் தொடர்பு' சேவையாளர்கள் என்று தேசிய ஆணையத்தின் பாடத்திட்டம் குறிப்பிடுவதை மறுவாழ்வு மருத்துவர்களின் சங்கம் எதிர்க்கிறது. நோயைக் கண்டறிவது மருத்துவரின் பணி, அவர் அனுப்பிய பின்னரே சிகிச்சையாளரின் பணி தொடங்க வேண்டும் என்பது அதன் வாதம். அடைமொழி குறித்த இடைக்கால உத்தரவு, பரிந்துரை குறித்த இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை.

2021-ஆம் ஆண்டின் சட்டம்

நாடு முழுவதற்குமான அடிப்படைச் சட்டம், 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் நலப்பணித் தொழில்கள் ஆணையச் சட்டமாகும். அதன் அட்டவணையில் உள்ள 10 தொழிற்பிரிவுகளுள் தொழில்வழி சிகிச்சை தனிப் பிரிவாக இடம்பெற்றுள்ளது. இயன்முறை சிகிச்சைக்கு வேறு பிரிவு தரப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் பலர். இயன்முறை சிகிச்சை உடலின் அசைவிலும் வலிமையிலும் கவனம் செலுத்துகிறது. தொழில்வழி சிகிச்சையோ, அந்த அசைவைக் கொண்டு ஒருவர் தமது வாழ்வில் செய்ய வேண்டிய செயலைச் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறது. தமிழில் வழங்கும் 'தொழில்' என்ற சொல்லும் வேலைவாய்ப்புப் பயிற்சியோ என்று மயங்க வைக்கிறது. பல் துலக்குவதும், பள்ளிக் குழந்தை பென்சில் பிடிப்பதும், சமையலறையில் பாத்திரம் தூக்குவதும் இங்கே 'தொழில்' தான்.

இச்சட்டம் தனது 2-ஆவது பிரிவில் இருவகைப் பணியாளர்களை வேறுபடுத்துகிறது. குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை முடித்து, நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணைநிற்பவர் 'துணைநிலை நலப்பணியாளர்'. மருத்துவரோ, செவிலியரோ, பிற நலப்பணி வல்லுநரோ பரிந்துரைக்கும் சிகிச்சைத் திட்டத்தைச் செயல்படுத்த உதவுவது அவரது பணி என்று வரையறை கூறுகிறது. 'நலப்பணி வல்லுநர்' என்ற இரண்டாம் வகையினர் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டப்படிப்பை முடித்தவர்கள். ஆலோசனை வழங்குவது, ஆய்வு செய்வது, மேற்பார்வையிடுவது, தடுப்பு, குணமாக்கல், மறுவாழ்வுச் சேவைகளை அளிப்பது ஆகியவை இவர்களுக்கு உரியவை. 'தெரபிஸ்ட்' என்ற சொல் இந்த இரண்டாம் வரையறையில்தான் வருகிறது.

இரண்டு செய்திகள் இதிலிருந்து தெளிவாகின்றன. பரிந்துரைப்பவர் மருத்துவராக மட்டுமே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. செவிலியரையும் பிற நலப்பணி வல்லுநரையும் அது உடன் சேர்க்கிறது. அடுத்து, பிறர் வகுத்த திட்டத்தைச் செயல்படுத்துபவர் என்ற விவரிப்பு முதல் வகையினருக்கு உரியது. பட்டம் பெற்ற தெரபிஸ்டுகளின் வரையறையில் அது இல்லை. சிகிச்சையாளர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவது இந்த வேறுபாட்டைத்தான். ஆயினும், 'பரிந்துரையின்றிச் சிகிச்சை அளிக்கலாம்' என்று நேரடியாகக் கூறும் வரியும் சட்டத்தில் இல்லை. சட்டம் மௌனம் காத்த அந்த இடத்தைப் பாடத்திட்டம் நிரப்ப முயன்றதே வழக்குக்கு வழிவகுத்தது.

சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வராததும் குழப்பத்துக்கு மற்றொரு காரணம். மாநிலங்கள் தனித்தனி மன்றங்கள் அமைத்துப் பதிவேடு பராமரிக்க வேண்டும்; பதிவு பெறாதவர் தொழில் செய்தால் 50,000 ரூபாய் அபராதம் விதிக்கவும் இடமுண்டு. ஆனால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவ்விவகாரத்தை விசாரித்தபோது, 14 மாநிலங்கள் மட்டுமே மன்றங்களை அமைத்திருந்தன. அவையும் செயல்படுவதாகத் தெரியவில்லை என்று கூறிய நீதிமன்றம், அவ்வாண்டு அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு விதித்தது. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் இவ்விரு தொழில்களுக்கும் தனிச்சட்டம் இயற்றியிருந்தன.

ஒரே நாளில் மாறிய நிலைப்பாடு

அரசுத் தரப்பிலும் தயக்கம் வெளிப்பட்டது. இயன்முறை சிகிச்சையாளர்கள் 'டாக்டர்' அடைமொழியைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி இந்திய மருத்துவச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியது. நோயைக் கண்டறியும் பயிற்சி அவர்களுக்கு இல்லை என்பதால், பரிந்துரைக்கப்பட்டு வரும் நோயாளிகளுக்கு மட்டுமே அவர்கள் சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றிருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, மேலும் ஆராய வேண்டியுள்ளதாகக் கூறி மறுநாளே கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாள் மட்டுமே உயிரோடிருந்த அக்கடிதம் தொழில்வழி சிகிச்சையாளர்களைப் பற்றியது அன்று. எனினும் அதே தர்க்கம் அவர்களுக்கும் பொருந்தும் என்பதால் அவர்களும் அதை உன்னிப்பாகக் கவனித்தனர்.

மருத்துவர்களின் அச்சத்தைத் தொழிற்போட்டி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அடிக்கடி தடுக்கி விழும் சிறுவனுக்குச் செயல் ஒருங்கிணைப்புப் பயிற்சி போதும் என்று தோன்றலாம். அவனுக்கு இருப்பது நாளடைவில் தீவிரமாகும் தசைச் சிதைவு நோயாகவும் இருக்கக்கூடும். விரல்களில் உணர்வு குறைந்து பொருள்களை நழுவவிடுபவருக்குத் தொழுநோயோ நரம்பு அழுத்தமோ காரணமாகலாம். மூல நோயைக் கண்டறியாமல் பயிற்சியைத் தொடங்கினால் காலம் வீணாகும் என்பது அவர்கள் கூற்று. செயல்திறனை மதிப்பிடுவது வேறு, நோயைக் கண்டறிவது வேறு என்பது சிகிச்சையாளர்கள் தரப்பின் பதில். ஐயத்துக்குரிய அறிகுறி தென்பட்டால் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவதும் தங்கள் பயிற்சியின் ஒரு பகுதியே என்று அவர்கள் கூறுகின்றனர். மறுவாழ்வு மருத்துவர் எட்டும் தொலைவில் இல்லாத ஊர்களில் சீட்டுக்காகக் காத்திருப்பது சிகிச்சையையே மறுப்பதாகும் என்பது அவர்களின் மறுவாதம்.

பென்சிலும் மணியும்

காத்திருப்பின் விலையைத் திருவனந்தபுரம் நன்கறியும். இந்நகர அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குழந்தை வளர்ச்சி மையம், 'திருவனந்தபுரம் வளர்ச்சி அளவீட்டு அட்டவணை' என்ற எளிய கருவியை உருவாக்கியது. பிறந்தது முதல் 2 வயது வரையிலான குழந்தைகளுக்கென 17 செயல்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, மணியோசை கேட்ட திசையில் திரும்புவது, ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பொருளை மாற்றுவது, தனியே நடப்பது என அவை நீள்கின்றன. குழந்தையின் வயதுக்கு நேரே அட்டவணையில் பென்சிலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால், அதற்கு இடப்புறம் உள்ள செயல்கள் அனைத்தையும் குழந்தை செய்ய வேண்டும். ஏதேனும் ஒன்று தவறினால் வளர்ச்சித் தாமதம் இருக்கலாம் என்று பொருள். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையை அங்கன்வாடிப் பணியாளரே செய்யலாம் என்பதே இதன் சிறப்பு.

ஆக, குறையை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டமும் இதே அடிப்படையில் அமைந்தது. பிறந்த குழந்தையை 6 வாரம் வரை வீட்டிலேயே சென்று பார்ப்பவர் ஆஷா பணியாளர். அதன்பின் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் குழுவில் ஆயுஷ் மருத்துவர்களும் செவிலியரும் இடம்பெற மத்திய வழிகாட்டுதல் வகை செய்கிறது. ஐயம் எழும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கே குழந்தை மருத்துவர் பார்த்த பிறகு தேவையான சிகிச்சைகள் முடிவாகின்றன. பரிந்துரையின் முதல் கண்ணி களப்பணியாளரிடம் இருக்க, மருத்துவர் நடுவில் வருகிறார். இந்த ஏற்பாட்டில் மருத்துவரின் கண்காணிப்பு விடுபடுவதில்லை. தாய்க்கு வாசலும் அடைபடுவதில்லை. நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் இதைச் சற்று நின்று பார்க்கலாம்.

1997-இல் தொடங்கப்பட்டு, நகரின் ஆக்குளம் பகுதியில் இயங்கும் தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமான 'நிஷ்', தொழில்வழி சிகிச்சையில் பட்டப்படிப்பையும் நடத்துகிறது.

மனநலத் துறையில் நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில ஆணையத்திடம் மனநல வல்லுநர்களாகப் பதிவு செய்யத்தக்கோர் பட்டியலில் மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் உள்ளனர். தொழில்வழி சிகிச்சையாளரின் பெயர் அதில் இல்லை. நெசவும் தோட்டவேலையும் மருந்தாகப் பயன்பட்ட பழைய மனநல மருத்துவமனைகளில் வேரூன்றிய ஒரு துறை, அத்துறைக்கான சட்டத்தில் விடுபட்டிருப்பது வியப்பே.

சட்டம் கேட்காவிட்டாலும் காப்பீடு கேட்கும்

நடைமுறையில் பரிந்துரைச் சீட்டைக் கட்டாயமாக்குவது பெரும்பாலும் பணம் செலுத்தும் தரப்புதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது வரையறைகளின்படி, 'மருத்துவ ரீதியில் தேவையான சிகிச்சை' என்பது மருத்துவர் எழுதித் தந்ததாக இருக்க வேண்டும். அங்கு 'மருத்துவர்' எனப்படுபவர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர். எனவே செவிலியரோ உளவியலாளரோ அனுப்பிச் சிகிச்சை பெற்ற ஒருவர் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். ஆனால் செலவைத் திரும்பக் கோரும்போது அவரது மனு நிராகரிக்கப்படலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே, விடுவிப்புச் சுருக்க அறிக்கையில் தொழில்வழி சிகிச்சை தேவை என்பதையும் எத்தனை வாரங்களுக்கு என்பதையும் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்வது இதனால் பயனுள்ளது. சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்து, பயிற்சியைச் சொந்த ஊரில் தொடர விரும்பும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். முந்தைய நோய் விவரம் இல்லாமல் புதிய சிகிச்சையாளர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கேட்டறிய நேரிடும்.

வெளிநாடுகளிலும் இதே இரட்டை நிலை காணப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் தனியார் சிகிச்சையாளரிடம் எவரும் நேரடியாகச் செல்லலாம். அரசின் மெடிகேர் கட்டணச் சலுகை வேண்டுமென்றால், நாள்பட்ட நோய்க்கான திட்டத்தின் கீழ் குடும்ப மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 5 முறைதான். பிரிட்டனில் வயோதிகர் ஒருவருக்குக் குளியலறையில் கைப்பிடி பொருத்த வேண்டுமா என்பதை மதிப்பிட, குடும்பத்தினரே உள்ளாட்சி அமைப்பைத் தொடர்பு கொள்ளலாம். அமெரிக்காவின் மெடிகேர், சிகிச்சைத் திட்டத்துக்கு மருத்துவரின் சான்றை எதிர்பார்க்கிறது; நர்ஸ் பிராக்டிஷனர், மருத்துவ உதவியாளர் போன்றோரின் சான்றையும் ஏற்கிறது.

இந்தியாவில் இத்துறைக்கு ஏறத்தாழ நாட்டின் விடுதலையின் வயதே ஆகிறது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-இல் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் அமைந்த உலகக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆனால் நாடு தழுவிய பதிவேட்டுக்கான சட்டம் வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'முதல் தொடர்பு' என்ற சொல் பாடத்திட்டத்தில் நீடிக்குமா என்பது 2025 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பைப் பொறுத்ததாக இருந்தது. சிகிச்சையாளரை நாடும் குடும்பங்கள், அவரது பட்டத்தையும் பதிவையும் கேட்டறியலாம். நோய் இன்னதென்று இதுவரை எந்த மருத்துவரும் கண்டறியாத நிலையிலும், வலிப்பு, திடீர்ப் பலவீனம், கற்ற செயல்களைக் குழந்தை மறப்பது போன்ற அறிகுறிகள் இருக்கும் நிலையிலும், முதலில் மருத்துவரைப் பார்ப்பதே பாதுகாப்பானது.