கீதையிலிருந்து ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு

"ஏ கஸ்மாலம், ஓரமாப் போ!" சென்னைத் தெருக்களில் ஒரு காலத்தில் சர்வசாதாரணமாகக் காதில் விழுந்த வசவு இது. இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் குருக்ஷேத்திரத்தில் போய் நிற்கலாம். யுத்தம் தொடங்கும் நேரத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிட்ட அர்ஜுனனிடம், இந்தக் 'கஸ்மலம்' உனக்கு எங்கிருந்து வந்தது என்று கண்ணன் கேட்கிறார், கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில். அங்கே மனச்சோர்வு. சென்னைக்கு வந்ததும் அழுக்குப் பிடித்த ஆசாமி!

சென்னைப் பேச்சுக்கு உருது தந்த சரக்கும் கொஞ்சநஞ்சமல்ல. காலைச் சிற்றுண்டியான நாஷ்தாதான் 'நாஸ்டா'. ஈமான், அதாவது நேர்மை, இல்லாதவன் 'பேமானி'. அலுத்துப்போனவரைச் சொல்லும் 'பேஸார்', இங்கே "ஒரே பேஜாராப் போச்சுப்பா" என்று தொல்லைக்கே பெயராகிவிட்டது.

இந்தப் பேச்சுக்குத் திரையில் தனி மவுசு. 1958-இல் வெளியான 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்து வெளுத்து வாங்கினார் சந்திரபாபு. ராணுவ பியூகிள் உருமாறி விசிலைக் குறித்த 'பிகில்', 2019-இல் விஜய் படத்துக்கே தலைப்பானது.

இன்றைய கல்லூரி வாசலில் வேறு காற்று. கூர் மழுங்கிய கத்தியைச் சொன்ன 'மொக்கை', இப்போது சுவாரசியமில்லாத எதையும் குறிக்கும்: படமோ, ஜோக்கோ, வகுப்போ. மச்சானிலிருந்து வந்த 'மச்சி'யைப் பெண்களும் தங்களுக்குள் தாராளமாகப் போட்டுப் பேசுகிறார்கள். பழைய உறவுமுறைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.