காமாலை என்று கருதப்பட்ட நோய்

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் காமாலை காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், சில வாரங்களில் தெளிகிறது, வீட்டார் மறந்துவிடுகிறார்கள். ஈராண்டு கழித்து அவனுடைய கையெழுத்துக் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது, காரணமின்றிச் சினக்கிறான், அழுகிறான். ஆசிரியர் கவனக்குறைவு என்கிறார். பெற்றோர் பிடிவாதம் என்கின்றனர். மனநோய் என்று மருந்தும் தரப்படுகிறது. பழைய காமாலையை எவரும் நினைப்பதில்லை. வில்ஸன் நோய் என்னும் பரம்பரை நோய் பெரும்பாலும் இவ்வாறே மறைந்து வளர்கிறது.

நாம் உண்ணும் உணவில் செம்பு சிறிதளவு உண்டு. தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். இந்நோயுடையாருக்குப் பிறவியிலேயே அவ்வாற்றல் குறைவு. ஆதலின் செம்பு முதலில் ஈரலிலும், பின்னர் மூளையிலும் தங்குகிறது. செப்புக் குடத்து நீரை அருந்தியதால் வந்த வினை என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. லண்டனில் பணியாற்றிய டாக்டர் கின்னியர் வில்ஸன் 1912-இல் இந்நோயை விரிவாக எழுதினார். இதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது.

அரிய நோயாதலின் மருத்துவர்க்கும் இது எளிதில் தோன்றுவதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 307 நோயாளருள் 192 பேர்க்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லப்பட்டிருந்தது. மனச்சிதைவு, மூட்டுவாதம், சிறுநீரக நோய் எனப் பல பெயர்கள். உண்மை தெரியச் சராசரியாக 2 ஆண்டுகள் சென்றன. மிக நீண்ட தாமதம் 30 ஆண்டுகள்!

இத்தனைக்கும் சோதனைகள் கடினமானவை அல்ல. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தின் அளவு, ஒரு நாள் முழுதும் சேர்த்த சிறுநீரில் செம்பின் அளவு, கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் கருவியால் கருவிழியின் ஓரத்தில் தேடும் பழுப்பு வளையம் ஆகியவை முக்கியமானவை. ஈரல் மட்டும் பழுதுற்ற குழந்தைகளிடம் இவ்வளையம் காணப்படாமலும் இருக்கலாம். ஆகவே வளையம் இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று அமைதியடைதல் கூடாது.

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. "உறவினர் யாருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா?" என்று டாக்டர் வினவுகிறார். மொழி தடுமாற, தாய் "இல்லை" என்று தலையசைத்துவிடுகிறாள். காமாலையில் மாண்ட தலைப்பிள்ளையைப் பற்றியோ, ஊரில் கைநடுக்கத்தோடு வாழும் உறவினர் பிள்ளையைப் பற்றியோ அங்கே எவரும் சொல்வதில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்ற பிள்ளைக்கே இந்நோய் வரும். பெற்றோரோ நலமாகவே இருப்பர். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தில், ஒரே குறை இருபுறமும் அமைவதற்கு வாய்ப்பு மிகுதி.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தார் ஒவ்வொருவர்க்கும் அது இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. துள்ளி விளையாடும் தங்கையையும் உடனே சோதித்தல் வேண்டும். ஏனெனில் இது மருந்துள்ள நோய். டாக்டர் ஜான் வால்ஷ் 1956-இல் பெனிசில்லமின் என்னும் மருந்தை அறிமுகப்படுத்தினார். அது செம்பைச் சிறுநீர்வழி வெளியேற்றுகிறது. துத்தநாக மருந்து, குடலில் செம்பு ஏறாமல் தடுக்கிறது. அறிகுறி தோன்றுமுன் தொடங்கி, டாக்டரின் மேற்பார்வையில் வாழ்நாள் முழுதும் விடாது உட்கொள்வோர், பிறரைப் போலவே படித்து, பணிபுரிந்து, இல்லறம் நடத்தலாம். குணமாயிற்று என்று நடுவில் நிறுத்துவதே பேராபத்து.

அன்பர்களே, அடுத்த முறை ஊருக்குச் செல்லுங்கால் பாட்டியிடம் சற்று அமர்ந்து கேளுங்கள்: நம் குடும்பத்தில் இளமையிலேயே இறந்தவர் யார்? என்ன நோயால்? விடையை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளின் மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாலை சொல்லாத ஒன்றை அந்தத் தாள் என்றேனும் ஒரு டாக்டருக்குச் சொல்லக்கூடும்.