பெரிய வாகனம் வாங்கலாமா?

குளிர்நாட்டுக்கு வந்து ஓரிரு மாரியைக் கண்டதும் எங்கள் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "உந்தச் சின்னக் கார் பனிக்குச் சரிவராது, பெரிய ஜீப்பாய் ஒன்று பார்ப்பம்." பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பெரிய வாகனங்கள் கைக்கெட்டும் விலையில் கிடைப்பதும் உண்மைதான். ஊரில் பஜிரோவில் போனவர்கள் பெரிய மனிதர்கள் என்ற நினைப்பும் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு. ஒன்ராறியோவில் குடியேறியுள்ள குடும்பங்கள் கையொப்பம் வைக்கும் முன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

பனியில் பாதுகாப்பா?

நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் பனியில் புறப்படுவதற்கும், மேட்டில் ஏறுவதற்கும், புதைந்த இடத்திலிருந்து வெளியேறுவதற்கும் உதவும். பிறேக் பிடிக்கும்போது அந்த இழுவையால் பயன் இல்லை. வாகனத்தை நிறுத்துவது ரயர்தான். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிவிடும். நல்ல மாரிகால ரயர் நான்கும் பூட்டிய சின்னக் கார், கோடைகால ரயரோடு ஓடும் ஜீப்பிலும் பார்க்கப் பனியில் விரைவாக நிற்கும். மாரிகால ரயர் பூட்டுபவர்களுக்கு ஒன்ராறியோவில் காப்புறுதிக் கழிவும் உண்டு. 2016 தொடக்கம் காப்புறுதி நிறுவனங்கள் இக்கழிவை வழங்கியே ஆகவேண்டும்.

உயரமான வாகனம் சடுதியாகத் திருப்பும்போது குடைசாயும் வாய்ப்பும் கூட. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் கருவி 2011 செப்டெம்பரிலிருந்து உற்பத்தியான வாகனங்களுக்குக் கனடாவில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய வாகனமாயின் இக்கருவி உண்டா என்று கேட்டறியுங்கள்.

பெற்றோல் கணக்கு

வருடம் 20,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் காருக்கு 1,600 லீற்றர் போதும். 15 லீற்றர் குடிக்கும் ஜீப்புக்கு 3,000 லீற்றர் வேண்டும். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் வித்தியாசம் வருடத்துக்கு 2,100 டொலர். ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு அனுப்பும் காசு எவ்வளவு என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ரயர், பெரிய பிறேக், இரண்டு அச்சுகளுக்குமான எண்ணெய் மாற்றம் ஆகியவற்றின் செலவு இதற்கு மேலே வரும்.

காப்புறுதியையும் வாங்கிய பின் கேட்கக்கூடாது. வாகனத்தின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே விலை கேளுங்கள். புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுக்கு அத்தொகை அதிகம்.

அடியில் குனிந்து பாருங்கள்

வீதிக்குப் போடும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். பெரிய ஜீப்புகள் பலவற்றில் உடல் முழுவதும் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல்தான் இருக்கிறது. மேலே மினுக்கம் இருந்தாலும் சட்டம் உக்கியிருந்தால் அந்த வாகனம் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ-40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். இதைப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல. நான்கு சில்லு இழுவையைப் போட்டு, மெதுவாக ஓட்டிச் சத்தம் கேளுங்கள். சில மாதிரிகளில் அந்த இழுவையைக் காய்ந்த தார்வீதியில் பாவிக்கக்கூடாது. ஆகையால் மண் அல்லது பனித் தரையில் சோதியுங்கள். அதன்பின் விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு அல்ல.

கடதாசிகள்

தனியார் ஒருவர் விற்கும்போது, பாவித்த வாகனத் தகவல் கோவையை அவர்தான் எடுத்துத் தரவேண்டும். முன்னைய உரிமையாளர்கள், ஒன்ராறியோவில் அவ்வாகனத்தின்மேல் பதிவான கடன் ஆகியவை அதில் இருக்கும். கடன் இருந்தால் வாங்காதீர்கள்; கடன் கொடுத்தவர் வந்து வாகனத்தை இழுத்துச் செல்லலாம். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாட்களுக்கே செல்லுபடியாகும். அது பரிசோதித்த நாளின் நிலையைச் சொல்கிறதே தவிர, உத்தரவாதம் அல்ல.

வரி 13 சதவீதம். 12,000 டொலர் வாகனத்துக்கு 1,560 டொலர். பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதினாலும், அரசாங்கம் வைத்திருக்கும் சந்தை மதிப்பு கூடுதலாக இருந்தால் அதற்கே வரி அறவிடுவார்கள். வியாபாரியிடம் வாங்குவதானால் அவர் ஒன்ராறியோ மோட்டார் வாகனக் கைத்தொழிற் சபையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். கையொப்பம் வைத்த பின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இல்லை என்பதையும் மறவாதீர்கள்.

யாருக்கு ஏற்றது?

கிராமப்புறத்தில் துப்புரவு செய்யப்படாத வீதியால் வேலைக்குப் போகிறவர்களுக்கும், பாரமான இழுவைப் பெட்டி கட்டித் தொழில் செய்கிறவர்களுக்கும் பெரிய ஜீப் தேவைதான். அப்பா, அம்மா, மாமி, பிள்ளைகள் என்று ஏழு பேர் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதே காரணமானால் மினிவான் போதும். ஏறி இறங்குவது முதியவர்களுக்கு இலகு, பிள்ளைகளின் ஆசனம் பூட்டுவதும் இலகு. ஒன்ராறியோவில் 8 வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் இவற்றில் ஒன்றை எட்டும்வரை பிள்ளைக்குரிய ஆசனம் கட்டாயம்.

கணவனும் மனைவியும் ஒரு மாலை மேசையில் இருந்து, தவணைப் பணம், காப்புறுதி, பெற்றோல், ரயர், திருத்தம் என்று ஐந்து வரி எழுதிக் கூட்டிப் பாருங்கள். வாடகையும் சாப்பாடும் ஊருக்கு அனுப்புவதும் போக மிஞ்சுவதற்குள் அந்தக் கூட்டுத்தொகை அடங்கினால் வாங்குங்கள். அடங்காவிட்டால் சின்னக் காருக்கு நான்கு நல்ல மாரிகால ரயர் பூட்டுங்கள். இந்த மாரிக்கு அது போதும்.