‘கிரிட்டிக்கல்’ எப்படி இயங்குகிறது? அடுப்பிலிருக்கும் பாலை வைத்து ஒரு விளக்கம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் ‘கிரிட்டிக்கல்’ என்று சொன்னால் ஒரு குடும்பமே நிலைகுலைந்து போகிறது. 2013 ஜூலை 13 இரவு கூடங்குளத்தின் முதல் அணு உலை ‘கிரிட்டிக்கல்’ ஆனபோது, அதைக் கட்டிய பொறியாளர்களுக்கு அது வெற்றிச் செய்தி. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகளும், மெட்ரோ ரயில் கட்டுமானத்தின் சில வேலைகளும், மகாபாரதத்தின் ஒரு பதிப்பும் இதே சொல்லைச் சுமக்கின்றன. ஒரே ஆங்கிலப் பெயரடை ஓரிடத்தில் அச்சத்தையும் வேறோர் இடத்தில் நிம்மதியையும் எப்படித் தருகிறது? அடுப்பில் பால் காய்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

முதலில் பால்

பாலை அடுப்பில் ஏற்றிய சில நிமிடங்களுக்கு எதுவும் நடப்பதாகத் தெரியாது. சூடு ஏற ஏறப் பாலின் புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படரும். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழ்கள் அந்த ஆடைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். குமிழ்கள் உடைவதைவிட வேகமாகப் பிறக்கத் தொடங்கியதும் பால் சரசரவென விளிம்புக்கு ஏறும். அதுவரை அடுப்பில் எரிந்த அதே தீ பாலைச் சூடாக்கிக்கொண்டு மட்டும் இருந்தது. இப்போது அதுவே பாலை வெளியே தள்ளுகிறது.

அடங்கிக் கிடக்கும் பால், விளிம்பில் நிற்கும் பால், பொங்கி வழியும் பால் என்று இதில் மூன்று நிலைகள். நடுவில் இருப்பதுதான் கிரிட்டிக்கல். ஒரு பொருளின் நடத்தை அடியோடு மாறும் எல்லை அது. நம் பாடநூல்கள் இதை ‘மாறுநிலை’ என்கின்றன. ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க மொழியின் ‘கிரினெய்ன்’. பிரித்தறிதல், தீர்ப்புச் சொல்லுதல் என்று அதற்குப் பொருள். நெருக்கடியைக் குறிக்கும் ‘கிரைசிஸ்’, விமர்சகரைக் குறிக்கும் ‘கிரிட்டிக்’ இரண்டும் அந்த வேரில் பிறந்தவையே.

மருத்துவமனையில்

பழைய கிரேக்க வைத்தியர்களுக்குக் ‘கிரைசிஸ்’ என்பது நோய் திரும்பும் கட்டம். நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்து நிமோனியாவில் இதைக் கண்ணால் காண முடிந்தது. ஒரு வாரம் போலக் கொதித்த காய்ச்சல், பிழைப்பவருக்குச் சில மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி இறங்கிவிடும்.

இன்றைய மருத்துவத்தில் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, உடல் வெப்பம் ஆகியவை இயல்பு எல்லையைத் தாண்டி நிலையில்லாமல் ஆடினால் ‘கிரிட்டிக்கல்’ என்கிறார்கள். நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் ‘கிரிட்டிக்கல், ஆனால் ஸ்டேபிள்’ என்ற தொடர்தான் குடும்பங்களை மிகவும் குழப்புகிறது. அமெரிக்க மருத்துவமனைகள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி ‘ஸ்டேபிள்’ என்பதை நோயாளியின் நிலையாகச் சொல்லவே கூடாது. ஆனாலும் மருத்துவர்கள் அந்தத் தொடரால் உணர்த்துவது ஒன்று உண்டு. பால் விளிம்பில் நிற்கிறது. தீயைத் தணித்து, கரண்டியால் துழாவிக்கொண்டே இருப்பதால் வழியாமல் இருக்கிறது. கையை எடுத்தால் வழிந்துவிடும். அதாவது, மருந்தும் வென்டிலேட்டரும் தாங்கிப் பிடித்திருப்பதால் எண்கள் ஆடாமல் இருக்கின்றன. அதை ஆபத்து நீங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆய்வகத்திலும் இந்தச் சொல் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 6.5 அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இப்படிப்பட்ட முடிவுகளுக்குக் ‘கிரிட்டிக்கல் வேல்யூ’ என்று பெயர். அறிக்கை அச்சாகி வரும்வரை காத்திராமல் ஆய்வகமே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1970களின் தொடக்கத்தில் பரவலாக்கிய நடைமுறை இது. இங்கே அந்தச் சொல் ‘உடனே செயல்படு’ என்னும் கட்டளையாகவே வேலை செய்கிறது.

அணு உலையில்

யுரேனியம்-235 அணு ஒன்று பிளக்கும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. சில வெளியே தப்பிவிடும். சிலவற்றை உலையில் உள்ள மற்ற பொருள்கள் விழுங்கிவிடும். மிச்சத்தில் சராசரியாகச் சரியாக ஒன்று மட்டும் அடுத்த அணுவைப் பிளந்தால் தொடர்வினை கூடாமல் குறையாமல் ஓடும். அதுதான் கிரிட்டிக்கல். ஒன்றுக்குக் கீழே போனால் வினை அணைந்துவிடும். ஒன்றுக்கு மேலே போனால் பெருகும்.

பாலில் பார்த்தால், குமிழ்கள் பிறக்கும் வேகமும் உடையும் வேகமும் சமமாக இருக்கும்படி தீயை வைத்துச் சீராகக் காய்ச்சும் நிலை இது. திரட்டுப்பால் கிளறுகிறவர்கள் நெடுநேரம் பாலை வைத்திருப்பது இந்த நிலையில்தான். ஆகவே மின்சாரம் தந்துகொண்டிருக்கும் உலை ஒவ்வொரு நாளும் கிரிட்டிக்கல் நிலையில்தான் இருக்கும். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் உலையில் எட்டியது இந்தச் சமநிலையை. கூடங்குளத்தில் 2013இல் எட்டியதும் இதையே.

ஆனால் பால் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பாலுக்குச் சூடு வெளியிலிருந்து வருகிறது, அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும். உலையில் வினையே அடுத்த வினையைப் பிறப்பிக்கிறது. நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உள்ளே செலுத்தி அதை நிறுத்துகிறார்கள். நிறுத்திய பிறகும் கதிரியக்கச் சிதைவால் வெப்பம் வந்துகொண்டிருக்கும். 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாக நின்றுவிட்டன. எரிபொருள் உருகிய வேளையில் அவை கிரிட்டிக்கல் நிலையில் இல்லை. சுனாமியால் குளிரூட்டும் ஏற்பாடு செயலிழந்ததால், மிச்ச வெப்பமே அவற்றை உருக்கியது.

அணு மின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் அவசியமானது. ‘உலை கிரிட்டிக்கல்’ என்ற செய்தியைக் கண்டு எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று தெரிந்துகொண்டு அந்த விவாதத்துக்குள் போவது அதனினும் அவசியம்.

அனல்மின் நிலையத்தில்

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். ஏறத்தாழ 374 டிகிரி செல்சியஸும் 221 பார் அழுத்தமும் சேரும் இடத்தில் நீருக்கும் நீராவிக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு சூடாக்கினாலும் ஒரு குமிழ்கூடப் பிறக்காது. பொங்குதல் என்ற பேச்சே அங்கே கிடையாது. தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் கார்பன் டை ஆக்சைடை ஆராய்ந்து இத்தகைய எல்லைக்குக் ‘கிரிட்டிக்கல் புள்ளி’ என்று பெயரிட்டார். வட சென்னையின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை ‘சூப்பர் கிரிட்டிக்கல்’ நிலையம் எனப்படுவது இந்த எல்லைக்கு மேல் இயங்குவதால்தான். அதே அளவு மின்சாரத்துக்குக் குறைவான நிலக்கரி போதும் என்பதே அதன் பயன். அபாயம் கூடியது என்று பொருளில்லை.

திட்ட அலுவலகத்தில்

அதே பாலைக் காபிக்குக் காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்க இருபது நிமிடம் ஆகும், பால் காய எட்டு நிமிடம் போதும். பாலை ஐந்து நிமிடம் தாமதித்து ஏற்றினாலும் காபி நேரத்துக்கு வந்துவிடும். டிகாக்‌ஷன் ஐந்து நிமிடம் தாமதித்தால் காபியும் ஐந்து நிமிடம் தாமதம்தான். எனவே இங்கே டிகாக்‌ஷன்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’. 1950களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய கணக்கு முறை இது. மேலாளர் ஒரு வேலையைக் ‘கிரிட்டிக்கல்’ என்றால், அது கடினமானது என்றோ செலவு மிக்கது என்றோ அர்த்தமில்லை. அதில் ஒரு நாள் நழுவினால் திட்டம் முழுவதும் ஒரு நாள் நழுவும்.

காட்டில்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்ட்’ என்பது ஓர் இனம் காட்டிலிருந்தே அற்றுப்போவதற்கு முந்தைய கடைசிப் படி. வெண்முதுகுப் பாறு அதில் இருக்கிறது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் இவற்றின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. இங்கே எல்லை வெகு அருகில் இருக்கிறது, அதைக் கடந்தால் திரும்பி வர வழியே இல்லை. ‘கிரிட்டிக்கல்’ என்ற சொல்லுக்கு நாம் உண்மையாகவே பதற வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

ஏட்டுச்சுவடியில்

இனி வேர்ச்சொல்லின் மற்றொரு கிளை: பிரித்தறிதல். பழைய பாலைக் காய்ச்சினால் அதன் தரம் தானே வெளிப்பட்டுவிடும். நல்ல பால் பொங்கும், கெட்ட பால் திரிந்து நீர் வேறு திப்பி வேறாகப் பிரியும். பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைப் பிரித்து, எது மூலத்துக்கு நெருக்கமானது என்று தீர்மானிப்பதும் அத்தகைய சோதனையே. அதன் விளைவு ‘கிரிட்டிக்கல் எடிஷன்’, தமிழில் செம்பதிப்பு. புனேவின் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்பு நிறைவேற 1966 ஆனது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதன் பின்னாலும் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்த அதே உழைப்பு இருக்கிறது. ‘கிரிட்டிக்கல் திங்கிங்’ என்று பள்ளிகளில் சொல்வதும் இந்தக் கிளையைச் சேர்ந்தது. கேட்டதை அப்படியே ஏற்காமல், ஆதாரம் எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அது. குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பது என்று அதற்குப் பொருள் கொள்வது அந்தப் பயிற்சியையே கெடுத்துவிடும்.

காதில் விழுந்தால் என்ன செய்வது?

இந்தச் சொல் எந்தத் துறையில் எதிர்ப்பட்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த எல்லையைப் பற்றிப் பேசுகிறார்கள்? அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம், எந்தத் திசையில் நகர்கிறோம்? யார், எதற்குள் என்ன செய்ய வேண்டும்? மருத்துவமனையில் இவை இன்னும் தெளிவான வடிவம் பெறும்: எந்த உறுப்பு தடுமாறுகிறது, நேற்றைவிட மருந்தும் கருவியும் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, அடுத்த ஒரு நாளில் எதை எதிர்பார்க்கலாம்?

மருத்துவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘கிரிட்டிக்கல்’ என்று சொன்ன கையோடு, எளிய தமிழில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவர் அச்சத்தில் உறைந்துவிடாமல் அடுத்து ஆகவேண்டியதைச் செய்ய அது உதவும்.