சைக்கிளுக்குப் பல் எத்தனை?

குழந்தைகளே! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால், காசு கொடுத்து வாங்கும் சைக்கிளுக்குப் பல்லை எண்ணியே ஆக வேண்டும்!

கள்ளக்குறிச்சி சமவெளியில் எந்த சைக்கிளும் ஓடும். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலைப்பாதையில் வெள்ளிமலைக்கு ஏறினால் மூச்சு வாங்கும். ஏன் தெரியுமா? சாதாரண சைக்கிளில் பெடல் பக்கம் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். மேட்டில் அது பெரும்பாரம். கியர் சைக்கிளில் முன்னால் 34, பின்னாலும் 34 பல் அமைந்தால் ஒரு மிதிக்கு ஒரே சுற்றுதான். வேகம் குறையும், ஏறுவது சுலபம்.

கனத்த பழைய சைக்கிள் சுமார் 20 கிலோ. இலகுவான ரோடு சைக்கிள் சுமார் 10 கிலோ. மிச்சமாவது ஒரு குடம் தண்ணீரின் எடை!

'வளர்ற பிள்ளைதானே' என்று பெரிய சைக்கிள் வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இறக்கத்தில் சட்டென்று நிறுத்தினால் கால் தரைக்கு எட்டாது, விழுந்துவிடுவீர்கள். கடையிலேயே பார் கம்பிக்கு இருபுறமும் காலூன்றி நின்று பாருங்கள். பாதங்கள் தரையில் பதிந்து, கம்பிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பிரேக்கும் விரலுக்கு எட்ட வேண்டும்.

இந்த ஞாயிறு உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணுங்கள். முன்பக்க எண்ணைப் பின்பக்க எண்ணால் வகுங்கள். விடை சிறிதானால் மேடு எளிது!